இரண்டாவது மிடறு

அக்டோபர் 3, செவ்வாய்

எட்டு முறை. இன்று மட்டும் எட்டு முறை மொஸ்ஸியின் பப் வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஆள் ஏற்றியிருக்கிறேன். பஸ் நிறுத்தத்தை அங்கே கொண்டுபோய் வைத்தவனுக்கு என்மேல் என்ன பகையோ. பதினாலு மாதமாக, கதவு திறந்து மூடும்வரை நேரே சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கப் பழகியிருக்கிறேன்.

பத்து மணிச் சுற்றில் காஹல் ஏறினான், புல்லாங்குழல் பெட்டியும் கையுமாக. இருபது வருடம் அந்தப் பப்பில் ஒரே மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தவன். 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, லீ ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பேசிக்கொண்டே வந்தான். வாயில் புதினா மிட்டாய். காலை பத்து மணிக்குப் புதினா வாசனை அடித்தால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா? நானும் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்றவள்தானே.

"வெள்ளிக்கிழமை வாசிப்பை மொஸ்ஸி மறுபடி ஆரம்பிக்கிறான் டெர்வ்லா. பிடிலுக்கு ஆளே இல்ல. ஜெர் ஆஸ்திரேலியாவுக்கு ஓடிட்டான். உன் மாத்திரை இன்னுமாடி முடியல?"

மாத்திரை என்பது நான் சொன்ன பொய். ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறேன், குடிக்கக் கூடாது, அதனால் வரவில்லை. கார்க் நகரத்தில் ஒருத்தி குடிக்காமல் இருக்க மரியாதையான காரணம் அது ஒன்றுதான். பதினாலு மாத மாத்திரை! அவனும் நம்பியது மாதிரியே கேட்டான்.

"வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். பாலம் தாண்டியபிறகுதான் உறைத்தது.

ஏன் சொன்னேன்?

அக்டோபர் 4, புதன்

அலமாரி மேலிருந்து பிடிலை இறக்கினேன். ஒரு தந்தி அறுந்திருக்கிறது. தொடப் பயமாக இருந்தது. பெட்டியை மூடிக் கட்டிலில் வைத்துவிட்டு நான் சோபாவில் படுத்தேன்.

அக்டோபர் 5, வியாழன்

மதிய இடைவேளையில் மொஸ்ஸியைப் பார்க்கப் போனேன். பகல் வெளிச்சத்தில் அந்தக் கதவைத் தள்ளவே இரண்டு முறை தெருவைச் சுற்ற வேண்டியிருந்தது. உள்ளே அடையாளமே தெரியவில்லை. முன்பு அங்கே சாப்பாடு என்றால் உப்புச் சிப்ஸ் பாக்கெட் ஒன்றுதான். இப்போது கரும்பலகை முழுக்க எழுதியிருக்கிறது: வெண்ணெயில் வதக்கிய சிப்பி, மெதுவாகச் சுட்ட பன்றிக்கறி, கூடவே ஏதோ நுரை. ஆனால் அந்த மூலை மேசை அப்படியே இருக்கிறது. நான் ஒரு கிறிஸ்துமஸுக்குச் சிகரெட்டால் சுட்ட தழும்புகூட அழியவில்லை.

மொஸ்ஸியிடம் உண்மையைச் சொன்னேன். ஊரில் உண்மை தெரிந்த முதல் ஆள் அவன். ஒரே கண்ணாடிக் கோப்பையை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சரி. போதையில்லாத கறுப்பு பீர் பாட்டில்ல வருது. கவுண்டருக்குக் கீழ வச்சு ஊத்திடறேன். அதே கிளாஸ், அதே நுரை. ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாது."

"காஹலுக்கு?"

"அவன் கிளாஸைத் தவிர வேற என்ன தெரியும் அவனுக்கு?"

நேராகச் சொல்லிவிட்டால் என்ன? எங்கள் மேசையிலேயே வாசித்த டோனல் சொன்னானே. இங்கே வழக்கம் இதுதான்: மேசையில் ஒருவர் எழுந்தால் எல்லோருக்கும் வாங்க வேண்டும், அடுத்த சுற்று அடுத்தவருடையது. டோனல் குடியை நிறுத்திவிட்டேன் என்று சொன்னதும் பாவம் பார்த்து அவனைச் சுற்றிலிருந்து விலக்கிவிட்டார்கள். அவன் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. மூன்றாவது மாதத்திலிருந்து அவன் வருவதில்லை. அவனுடைய அக்கார்டியனை விற்றுவிட்டானாம்.

குடியை விட்டவர்களின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கேட்டால் போகாதே என்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை.

அக்டோபர் 6, வெள்ளி

மாலை ஆறு. புதுத் தந்தி மாட்டியாகிவிட்டது. எதற்குப் பயப்படுகிறேன்? விரல் மறந்திருக்குமோ என்று. மொஸ்ஸி மறந்துவிடுவானோ என்று. அந்த வாசனைக்கு. எல்லாவற்றையும்விட — வாசித்து முடித்ததும் வரும் சந்தோஷத்துக்கு. சோகத்தில் நான் அவ்வளவாகக் குடித்ததில்லை. சந்தோஷத்தில்தான்.

இரவு பத்தரை. வந்துவிட்டேன். நிதானமாக, என் காலில் நடந்து வந்தேன்!

முதல் மெட்டில் வில் கிறீச்சிட்டது. "மாத்திரை கைக்கும் போச்சா?" என்றான் காஹல். இரண்டாவது மெட்டில் விரல்களுக்குத் தாமாகவே வழி தெரிந்துவிட்டது. எட்டரைக்கு இடமே இல்லை. சாப்பிட வந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் காலால் தாளம் போட்டார்கள். மொஸ்ஸி நான்கு முறை என் கிளாஸைக் கொண்டுவந்து வைத்தான், ஒவ்வொரு முறையும் திருடனைப் போலக் கண்ணடித்துக்கொண்டு. என் முறை வந்தபோது நானும் எழுந்து எல்லோருக்கும் வாங்கினேன். மேசையில் ஏழு கறுப்புக் கிளாஸ்கள். எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

ஏழு மணிக்கு ஓஷீன் போன் செய்தான். என் மகன் ஞாயிறு ஏழுக்குத் தவறாமல் கூப்பிடுவான். ஒரே கேள்வி: "நல்லா இருக்கியாம்மா?" அதற்கு ஒரே அர்த்தம்: குடிக்கவில்லையே? "நல்லா இருக்கேன்." பிறகு இரண்டு நிமிடம் வானிலை. அவ்வளவுதான். அவ்வளவு கிடைக்கவே எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அவன் வீட்டை விட்டுப் போனது நான் குடித்ததற்காக இல்லை. பட்டமளிப்பு விழாவுக்கு நான் ஒரு பிளாஸ்க் எடுத்துப் போனேன். கேட்டான். அவன் கண்ணைப் பார்த்து "டீடா கண்ணா" என்றேன். கையிலிருந்து வாங்கி முகர்ந்து பார்த்தான். "நீ குடிச்சதுக்குக்கூட இல்லம்மா. டீன்னு சொன்ன பாரு" என்றான். அந்த அங்கியோடே நடந்து போய்விட்டான். வாட்டர்ஃபோர்டில் வேலை, அங்கேயே வீடு.

இன்று மறுபடி வாசிக்கப் போனதைச் சொன்னேன்.

"பப்லயா?"

"பப்லதான். ஆனா போதையில்லாதது. மொஸ்ஸி தனியா ஊத்தறான்."

"மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏம்மா?" என்று கேட்டான். நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கடைசியில், இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை வந்து கேட்கிறேன் என்றான். அவன் என் பிடிலைக் கேட்டு ஆறு வருடம்!

அக்டோபர் 13, வெள்ளி

போனேன். வாசித்தேன். வந்தேன். பயம் குறைந்துவிட்டது. குறைந்ததே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 20, வெள்ளி

நேரம் ஒன்பதேகால். சீக்கிரம் வந்துவிட்டேன். எழுத்து கோணலாகப் போகிறது.

சமையல்காரர் விரலை வெட்டிக்கொண்டாராம். மொஸ்ஸி ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றான். கவுண்டரில் ஜூலியானா என்ற புதுப் பெண், பிரேசில்காரி, வேலைக்கு வந்து மூன்றாவது நாள். காஹலின் சுற்று. எழுந்துகூடப் போகாமல் விரலால் மேசைக்கு மேல் வட்டம் போட்டு "அதே ஏழு, செல்லம்!" என்று கத்தினான். அவள் எங்கள் மேசையைப் பார்த்தாள். ஏழு கறுப்புக் கிளாஸ். குழாயைத் திறந்து ஏழு பிடித்துக் கொண்டுவந்து வைத்தாள். அவள்மேல் என்ன தப்பு? வித்தியாசம் தெரியாமல் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்ததே நான்தானே.

நீளமான மெட்டு ஒன்று வாசித்து முடித்திருந்தோம். தாகம். பார்க்காமல் எடுத்துக் குடித்தேன். போதையில்லாததன் முடிவில் லேசாக ஒரு இனிப்பு இருக்கும். அது வரவில்லை. சூடாக இறங்கியது.

ஒரே ஒரு வாய். அதோடு விட்டுவிட்டேன். கழிப்பறைக்குப் போய் வாயைக் கழுவினேன். தலைவலி என்று சொல்லிப் பிடிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வாய்தான். அது தவறுதலாக. தெரியாமல் நடந்தது எப்படிக் கணக்கில் வரும்? ஐயோ, என்ன பண்ணப்போறேன்?

அக்டோபர் 21, சனி

நாலே முக்காலுக்கு எழுந்தேன். தூங்கினால்தானே எழுவதற்கு. மூச்சில் மது இருக்கிறதா என்று ஊதிப் பார்க்கும் கருவியை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து ஊதினேன். சுழி. மறுபடி ஊதினேன். சுழி. ஐந்து முறை ஊதினேன். சுழிதான் வரும் என்று தெரியும், ஆனாலும் டிப்போவில் மேலாளர் "குட் மார்னிங்" என்றபோது வாயை மூடிக்கொண்டே தலையாட்டினேன்.

மொஸ்ஸி வாசலில் இன்று ஏழு முறை. ஏழு முறையும் திரும்பிப் பார்த்தேன். மூடிய கதவைத்தான் பார்த்தேன். ஆனால் பார்த்தேன்.

சாயங்காலம் மொஸ்ஸி போன். "மன்னிச்சுக்கோ டெர்வ்லா. அந்தப் பொண்ணுக்கு நான் சொல்லாம விட்டுட்டேன். எவ்வளவு உள்ள போச்சு?"

"ஒரு வாய்."

"அப்பாடா. பரவால்ல விடு."

பரவாயில்லையாம்.

அக்டோபர் 22, ஞாயிறு

ஏழு மணி. "நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேன்."

வெள்ளிக்கிழமை ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பானாம். என் பிடிலைக் கேட்கத் தனக்குப் பரபரப்பாக இருக்கிறது என்றான். எனக்குப் போனை வைத்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அக்டோபர் 23, திங்கள்

எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. என் முறை வந்தபோது "இன்னிக்குக் கேட்டுக்கறேன்" என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் இதை எழுதுகிறேன்.

இரண்டு வாய்.

இந்தக் குறிப்பில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். யாரை ஏமாற்ற? இதைப் படிக்கப்போவது நான் மட்டும்தானே!

முதல் மிடறு ஜூலியானாவின் தவறு, காஹலின் தவறு, சமையல்காரரின் விரலின் தவறு. கிளாஸைக் கீழே வைத்தேன். அடுத்த மெட்டை ஆரம்பித்தார்கள். எங்கள் மெட்டுகளை மூன்று முறை சுற்றி வாசிப்போம். முதல் சுற்று வாசித்தேன். இரண்டாவதும் வாசித்தேன். அவ்வளவு நேரமும் அந்தக் கிளாஸ் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்றாவது சுற்றில் வில்லை நிறுத்தினேன், தந்தியைச் சரிசெய்வது மாதிரி. யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். மொஸ்ஸி உள்ளே இருந்தான். காஹல் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தான். குடித்தேன். பெரிய மிடறு. முதலாவதைவிடப் பெரியது.

நன்றாக இருந்தது. எழுதவே கூசுகிறது. நன்றாக இருந்தது. பதினாலு மாதம் பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போனது மாதிரி இருந்தது, எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது.

நானாக நிறுத்தவும் இல்லை. ஜூலியானா வந்து "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். பாதி கிளாஸ் இருந்தது. வாய் தவறி "முடிஞ்சுது" என்றேன், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் இரண்டு நிமிடம் கழித்து வந்திருந்தால்? என்னைக் காப்பாற்றியது ஒரு பெண் மேசை துடைக்க வந்த நேரம். அடுத்த முறை அவள் எப்போது வருவாள்?

ஓஷீனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் போய்விடுவான். சொல்லாவிட்டால் அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டுவான், நான் அந்தப் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பேன்.

சொல்ல முடியாது. என்னால முடியாது.

அக்டோபர் 25, புதன்

சொன்னேன். மறக்கும்முன் எழுதிவிடுகிறேன்.

எடுத்ததும் பதறினான். "என்னாச்சும்மா? புதன்கிழமை கூப்பிடற?"

"வெள்ளிக்கிழமை குடிச்சேன்டா."

அவன் வீட்டில் டிவி ஓடும் சத்தம். பிறகு அது நின்றது.

"எவ்வளவு?"

"ரெண்டு வாய். முதல் வாய் தெரியாம. ரெண்டாவது தெரிஞ்சு."

"என்கிட்ட எத்தனைன்னு சொல்றதா இருந்த?"

இந்தப் பிள்ளைக்கு என்னை எவ்வளவு நன்றாகத் தெரியும். "ஒண்ணுன்னு" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை கேட்டேனே."

"பொய் சொன்னேன்."

மூச்சு விடுவது கேட்டது. அழுகிறானா கோபமா தெரியவில்லை. நான் எதையும் விளக்கவில்லை. ஜூலியானா, சமையல்காரர், விரல், எதையும் சொல்லவில்லை. சொல்ல நாக்கு துறுதுறுவென்றது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை வர்றியாடா?"

"தெரியலம்மா. நான் யோசிக்கணும்."

வைத்துவிட்டான்.

அக்டோபர் 26, வியாழன்

போன் வரவில்லை. வேலைக்குப் போனேன். குடிக்கவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

ஜாஸ் விழாவுக்கு ஊர் முழுக்க வெளியூர்க் கூட்டம். மொஸ்ஸி கடையில் நிற்க இடமில்லை. கவுண்டருக்குப் போனேன். மொஸ்ஸி கீழே குனிந்து பாட்டிலை எடுத்தான்.

"வேண்டாம் மொஸ்ஸி. டீ. பானையோட மேசைக்குக் கொண்டுவரச் சொல்லு."

"டெர்வ்லா, எல்லாரும் பார்ப்பாங்களே."

"பார்க்கட்டும்."

துணிச்சலாகச் சொன்னேனே தவிர, மேசைக்கு நடந்த பத்தடியும் தரையையே பார்த்துக்கொண்டு போனேன். ஜூலியானா பெரிய எவர்சில்வர் பானையையும் இரண்டு கோப்பையையும் கொண்டுவந்து நடுமேசையில் வைத்தாள். பானை டீ இருவருக்கு என்று கணக்காம். ஆறு கறுப்புக் கிளாஸ்களுக்கு நடுவே அது பளபளவென்று நின்றது.

"டீயா? யாருடி செத்தது?" என்றான் காஹல்.

"யாரும் சாகல. நான் குடிக்கிறதில்ல. மாத்திரையெல்லாம் பொய். பதினாலு மாசம் குடிக்காம இருந்தேன். போன வெள்ளிக்கிழமை இதே நாற்காலியில ரெண்டு வாய் குடிச்சேன். இன்னியோட ஏழு நாள்."

டோனலுக்குக் காட்டிய முகத்தை எனக்கும் காட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். காஹல் தன் கிளாஸைப் பார்த்தான், என் பானையைப் பார்த்தான்.

"பதினாலு மாசமா வியாதிக்காரின்னு உனக்காக நான் சர்ச்சுல ஏத்தின மெழுகுவர்த்திக்கெல்லாம் என்னடி பதில்?" என்றான். மேசையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு. வாசிக்க ஆரம்பித்தோம்.

ஏழு மணி. எட்டு மணி. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் என் வில் தடுமாறியது. ஆறு மணி பஸ் எப்போதோ வந்திருக்கும். எட்டரைக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒன்பதுக்கு அவன் என் பக்கத்தில் நின்றான். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. எப்போது வந்தான், எவ்வளவு நேரம் வெளியே நின்றான், தெரியாது. அத்தனை பேர் முன்னால் என் கோப்பையை எடுத்து முகர்ந்தான். காது சுட்டது. கோபம் வரவில்லை. அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. ஒரு வாய் குடித்தான்.

"ஆறிப்போச்சு" என்றான். பானையிலிருந்து சூடாக ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, பின்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அவனுக்காக ஒரு மெதுவான மெட்டு வாசித்தேன். அவன் சின்னவனாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் வாசிப்பது. அவன் கை தட்டவில்லை. பத்து மணி பஸ்ஸுக்கு எழுந்தான். "போறேன்ம்மா." அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. ஓஷீன் போனபிறகு, கடைசி மெட்டுக்கு முன், காஹல் யாரையும் பார்க்காமல் அந்த இரண்டாவது கோப்பையைத் தன் பக்கம் நகர்த்தினான். நான் ஊற்றினேன். தூக்கும்போது கோப்பை தட்டில் டகடகவென்று அடித்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தான். அவன் கிளாஸில் பாதி அப்படியே இருந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

விடுமுறை. பகல் முழுக்கத் திரையைக்கூட விலக்காமல் படுத்திருந்தேன். போனைக் கையில் வைத்திருந்தால் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று உள்ளறையில் சார்ஜில் போட்டுவிட்டு, சமையலறையில் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்தேன்.

ஏழு ஆனது. அடிக்கவில்லை.

ஏழு ஐந்து. ஏழு பத்து. பஸ்ஸில் மாட்டியிருப்பான். குளிக்கப் போயிருப்பான். ஏழரை. சரி, யோசித்து முடித்துவிட்டான். வெள்ளிக்கிழமை வந்தது பார்த்துவிட்டுப் போவதற்கு. நியாயம்தான். எனக்கு யார்மேல் வருத்தப்பட உரிமை இருக்கிறது? ஏழே முக்கால். மொஸ்ஸி கடை இங்கிருந்து ஒன்பது நிமிடம். இதை ஏன் எழுதுகிறேன்? ஒன்பது நிமிடம் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருந்தால் எழுந்து போக மாட்டேன். பேனாவை விடாதே. எட்டாகப்போகிறது.

அடித்தது! ஓடிப்போய் எடுத்தேன். போன் திரையில் ஏழு மணி.

குளிர்காலத்துக்காக ஊர் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாள் இன்று; போன் தானாக மாறிக்கொண்டது, சுவர்க் கடிகாரம் மாறவில்லை. பஸ் ஓட்டுகிறவள் இதை மறந்தேன் என்று டிப்போவில் தெரிந்தால் ஓய்வு பெறும்வரை விட மாட்டார்கள்.

"அம்மா, இந்த வாஷிங் மெஷின் என்னைக் கொல்லுதும்மா" என்று ஆரம்பித்தான். தண்ணீர் ஏறுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. நேற்று கீழ்வீட்டுக் கூரை ஒழுகிவிட்டது. கீழ்வீட்டு அம்மாள் வாளியோடு மேலே வந்து நின்றாள். அவள் திட்டியதை அப்படியே நடித்துக் காட்டினான். இருபது நிமிடம். 'நல்லா இருக்கியா' என்ற அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டே கேட்டேன். உண்மையான பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"சரிம்மா, குக்கர் கத்துது. வைக்கறேன்."

வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவன் கேட்கவே இல்லை.

நாற்காலியைப் போட்டு ஏறி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்தேன்.